முகத்துவாரத்துக் கல்

வாங்கிய மீன்பிடிப் போட்டை முதன்முதலாகக் கடலில் இறக்கிய நாளிலேயே றேமண்ட் அதைக் கொண்டுபோய் முகத்துவாரத்துக் கல்லில் அடித்துவிட்டான்.

மட்டக்குளிக் கரை முழுக்க இதே கதைதான். எந்தக் காற்றிலும் போட்டைப் பத்திரமாகக் கரை சேர்ப்பான் என்று பெயர் எடுத்தவன். அவனா இப்படி?

அவன் மனைவி ரொஷேலுக்கு வெளியில் தலை காட்ட முடியவில்லை. சந்தையில் மீன் வெட்டுகிறவன்கூட, "அண்ணைக்குக் கண் பார்வை குறைஞ்சிட்டுதோ?" என்று கேட்டான்.

அன்று றேமண்ட் தனியாகத்தான் போனான், எஞ்சினை ஓட்டிப் பார்க்க. போன கையோடு, முழங்கால் தண்ணீரை வாளியால் அள்ளிக் கொட்டிக்கொண்டே திரும்பி வந்தான். கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான் சொன்னான்.

"நான்தான் கவனிக்கேல்லை. கல்லில பட்டிட்டுது."

கேள்விப்பட்டு முதலில் ஓடிவந்தவள் புளோறன்ஸ். அவள் புருஷன் பேர்னாட் நோயில் படுத்திருந்தபோது விற்ற போட் அது. விற்றுக் கொஞ்ச நாளில் மனுசன் கண்ணை மூடிவிட்டார். முப்பத்தோராம் நாள் பூசை முடியட்டும் என்று காத்திருந்துதான் றேமண்ட் போட்டை இறக்கினான்.

எப்படி நடந்தது என்று புளோறன்ஸ் திரும்பத் திரும்பக் கேட்டாள். கல்லில் பட்டது என்றதும் பிடித்து ஏசத் தொடங்கிவிட்டாள். பேர்னாட் அந்தப் போட்டைப் பிள்ளை மாதிரி வைத்திருந்தாராம். ஒரு கீறல் விழ விட்டதில்லையாம்.

றேமண்ட் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். "ஓம் அக்கா. என்ர பிழைதான்."

ரொஷேலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போட்டைப் பறிகொடுத்தது மாதிரி நிற்பது நாங்கள். பேச்சும் நாங்களா வாங்கவேண்டும்?

அதோடு முடியவில்லை. றேமண்டோடு கன வருசமாகக் கடலுக்குப் போய்வந்த ரொனி, வேறு போட்டுக்கு மாறிவிட்டான். போகிற வழியில் ரொஷேலைக் கண்டு சொன்னான்:

"கரையில நிக்கிற கல்லையே காணாதவரோட நடுக்கடலுக்கு எப்படி அக்கா போறது?"

அன்றிரவு அவள் எவ்வளவோ ஏசியும் றேமண்ட் அந்த ஒரே பதிலைத்தான் சொன்னான்.

அடுத்த நாள் மத்தியானம் சோற்றுப் பார்சலோடு, போட்டைத் திருத்தக் கொடுத்திருந்த ஆற்றங்கரைப் பட்டறைக்குப் போனாள். றேமண்ட் சாமான் வாங்கப் போயிருந்தான். போட்டைக் கவிழ்த்துப் போட்டு, அடிப்பக்கத்துப் பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தான் பட்டறைக்காரன் சாந்தன்.

அவளைக் கண்டதும் வேலையை நிறுத்தினான். கொஞ்சம் யோசித்தான். பிறகு கூப்பிட்டுக் காட்டினான்.

"இது கல்லில பட்டதில்லை அக்கா. பழைய வெடிப்பு. பைபர் ஒட்டுப் போட்டு, மேல பெயிண்ட் அடிச்சு வித்திருக்கினம். அந்த ஒட்டு விட்டுத்தான் தண்ணி ஏறியிருக்கு."

ரொஷேல் குனிந்து தடவிப் பார்த்தாள். "இவருக்குத் தெரியுமோ?"

"இடத்தை எனக்குக் காட்டினதே அண்ணன்தான். ஆருக்கும் சொல்லாதை எண்டு கையைப் பிடிச்சுக் கேட்டவர். ஊரெல்லாம் அவரைப் பேசுது. எனக்குத்தான் தாங்கேல்லை."

சோற்றுப் பார்சலை அங்கேயே வைத்துவிட்டு நேரே புளோறன்ஸ் வீட்டுக்கு நடந்தாள் ரொஷேல். என்ன கேட்கவேண்டும், எப்படிக் கேட்கவேண்டும், எல்லாம் வாயில் தயாராக இருந்தது. அந்த ஒழுங்கையில் உள்ள வீடெல்லாம் கேட்கும்படி கேட்பது என்றுதான் போனாள்.

வாசலில் இருந்து இறால் உரித்துக்கொண்டிருந்த புளோறன்ஸ், அவளைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு எழும்பி வந்தாள்.

"அண்டைக்குத் தம்பியை அளவுக்கு மிஞ்சி ஏசிப்போட்டன், மன்னிச்சுக்கொள் பிள்ளை. போட்டுக்குள்ள தண்ணி ஏறினதெண்டு கேட்டவுடன எனக்கு உயிரே இல்லை. கடைசி நேரத்தில இந்த மனுசன் பழுதை மறைச்சு வித்துப்போட்டுப் போயிட்டாரோ எண்டு பயந்திட்டன். தம்பி கல்லில பட்டதெண்டு சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. கோயில்ல நாலு பேர் முகத்தைப் பாத்து நிக்கிறன் எண்டா, அவர் ஒருத்தரையும் ஏமாத்தேல்லை எண்ட ஒரு தைரியத்திலதான்."

அவள் கண்கள் நிறைந்திருந்தன. ரொஷேலின் கையைப் பிடித்தபடி, "சரி, நீ என்ன விசயமா வந்தனி?" என்று கேட்டாள்.

"என்ர பிழைதான்" என்று இவள் முன்னால் தலை குனிந்து நின்ற புருஷனின் முகம்தான் ரொஷேலின் கண்முன் வந்தது.

"ஒண்டுமில்லை அக்கா. நீங்கள் கவலைப்பட்டுக்கொண்டிருப்பீங்கள் எண்டுதான் ஒருக்காச் சொல்லிப்போட்டுப் போக வந்தனான்," என்றாள். "அண்ணை தந்த போட்டில ஒரு குறையும் இல்லை. எங்கட ஆளுக்குத்தான் ஓட்டத் தெரியேல்லை."