விரல் வைக்க மறுத்தவர்

இது எனக்குக் காதுவழி வந்த கதை. சிதம்பரம் ஆஸ்பத்திரியில் அன்று வேறொருவருக்குத் துணையாகப் போயிருந்த என் சித்தி சொன்னதை, கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன்.

"ஐயா, ஒரே ஒரு விரல். இந்த மெஷின்ல வைங்க, போதும்" என்றாள், காப்பீட்டுத் திட்ட கவுன்டரில் இருந்த சத்யப்பிரியா.

வீல்சேரில் உட்கார்ந்திருந்த சிங்காரம் இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டார்.

"வைக்கமாட்டேன்."

"ஏங்கய்யா?"

"வேணாம்னா வேணாம். ஊட்டுக்குப் போறேன்."

அவருடைய வலது கால் பெருவிரல் கறுத்துக் கிடந்தது. காலுக்கு ரத்தம் போகும் குழாயில் அடைப்பு. இந்த வாரத்துக்குள் சரிசெய்யாவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் காலையில்தான் சொல்லியிருந்தார். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்ததால் கைக்காசு போடாமல் செய்துவிடலாம். தேவனாம்பட்டினம் மீனவக் குப்பத்திலிருந்து அதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தது.

மருமகள் சிந்துஜா வீல்சேரின் பிடியைப் பற்றிக்கொண்டு பின்னால் நின்றாள். முன்னால் போய் நிற்கப் பயம். கல்யாணமாகி மூன்று வருடம். வேறு ஜாதிக்காரி என்று மாமனார் அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால்கூடச் சுவரைப் பார்த்துத்தான் கேட்பார்.

சிங்காரத்தின் தங்கை ராஜாமணி சும்மா இருப்பாளா?

"எங்கண்ணனுக்கு ரோஷம் ஜாஸ்திம்மா" என்றாள், கவுன்டர் முழுக்கக் கேட்கும்படி. "அண்ணி போனதுக்கப்புறம் ரேஷன் கார்டுல குடும்பத் தலைவி இவதான். காப்பீடும் இவ பேருலதான் வந்திருக்கு. இவ தயவுல வைத்தியம் பாத்துக்கறதுக்கு, கால் போனா போவட்டும்னு இருக்காரு."

வரிசையில் நின்றவர்கள் சிந்துஜாவைத் திரும்பிப் பார்த்தார்கள். சிலர் சிங்காரத்தைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள்.

"என்னா பெருசு, இந்த வயசுல இவ்ளோ வீம்பு?" என்றார் பின்னால் நின்ற ஒருவர். "விரலை வைக்கத்தானே சொல்றாங்க, வெட்டியா குடுக்கச் சொல்றாங்க?"

மகன் அருள்முருகன் குனிந்து கெஞ்சினான்.

"அப்பா, கால் இல்லாம போட்டுல ஏற முடியுமா? வைப்பா."

"கரையிலயே கெடக்கறேன். ஒனக்கென்னாடா?"

சிந்துஜாவுக்கு மூச்சு வாங்கியது. வீல்சேரை விட்டுவிட்டுக் கவுன்டருக்கு வந்தாள்.

"மேடம், கார்டுலேருந்து என் பேர எடுத்துட முடியுமா? என்னால அவரு கால் போவக் கூடாது. நான் இல்லன்னா விரலை வச்சிடுவாரு."

"பேர எடுக்காத!"

சிங்காரம் போட்ட சத்தத்தில் வரிசையே அடங்கியது. மூன்று வருடத்தில் முதல் தடவையாக அவர் அவள் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"எடுத்துட்டா ஒனக்கு எதுலம்மா ஆப்ரேசன் பண்ணுவாங்க? நெஞ்சுல வால்வு சுருங்கிப்போச்சு, தை தாண்டி மாத்தணும்னு ரெண்டு பேரும் குசுகுசுன்னு பேசிக்கினீங்களே, எனக்குக் கேக்கலன்னு நெனச்சீங்களா? தடுப்புக்கு அந்தாண்டதானே படுத்திருக்கறேன்!"



"அதுக்கும் நீ விரல் வைக்காததுக்கும் என்னாப்பா சம்பந்தம்?" என்றான் அருள்முருகன்.

"என்னா சம்பந்தமா? ரேஷன்ல ஒருத்தன் ரேகை வச்சு அரிசிய வாங்கிட்டா, அந்த மாசம் ஊட்டுல வேற யாரு போய் விரல் வச்சாலும் வாங்கியாச்சுன்னுதானே மெஷின் சொல்லுது? நான் இங்க வச்சுட்டா, நாளைக்கு இந்தப் பொண்ணு வந்து நிக்கும்போது, ஒங்க மாமனாரு வாங்கிட்டாருன்னு திருப்பி அனுப்புவாங்களா இல்லியா? எனக்கு எழுபது ஆவுது. அது வாழ வேண்டிய பொண்ணுடா."

ராஜாமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சத்யப்பிரியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஐயா, இது அரிசி இல்ல. ஒங்க கால் செலவு போக மிச்சம் அப்டியே இருக்கும். அடுத்த வருசம் மறுபடி முழுசா வரும். ஒங்களுக்கும் உண்டு, அவுங்களுக்கும் உண்டு."

"எழுதிக் குடுப்பியா?"

"கையெழுத்தே போட்டுத் தர்றேன். நீங்க மொதல்ல விரலை வைங்க."

சிங்காரம் கையை வெளியே எடுத்து, வேட்டியில் துடைத்துவிட்டு வைத்தார். மெஷின் எடுக்கவில்லை.

"பாத்தியா, தீந்துபோச்சு!" என்று அலறினார்.

"ஒண்ணும் தீரல. வலை இழுத்துத் தேஞ்ச விரலு. அடுத்ததை வைங்க."

சிந்துஜா வந்து அவர் கையைப் பிடித்து, நடுவிரலைக் கண்ணாடியில் வைத்தாள்.

"லேசா அழுத்துங்க மாமா."

"சரிம்மா."

பச்சை விளக்கு எரிந்தது. பின்னால் நின்றவர், "அப்பாடா!" என்றார்.

பிறகு நானும் விசாரித்துப் பார்த்தேன். பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை. வீட்டில் ஒருவர் எடுத்துக்கொண்டதால் மற்றவருக்கு இல்லை என்று ஆகாது. மாசி மாதம் சிந்துஜாவுக்கு வால்வு மாற்றியதும் அதே அட்டையில்தான். அன்று அவளைக் கவுன்டருக்கு அழைத்துப் போனவர் சிங்காரம். நடந்தேதான் போனாராம்.