மின்மினிக்கு ஒரு பதில்

"என்னங்க, யாருக்கு அவ்வளவு நீளமா எழுதறீங்க?"

கணவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இணையக் குழுவுல ஒரு பொண்ணு. மின்மினின்னு பேர் வச்சிருக்கா. புரோகிராம் எழுதக் கத்துக்கிறாளாம். கம்ப்யூட்டர்ல விண்டோஸ் போடறதா, லினக்ஸ் போடறதான்னு கேக்கறா."

"அதையேதான் நானும் கேட்டேன். உனக்கு எது போட்டா என்னன்னு எரிஞ்சு விழுந்தீங்க."

"அவளுக்குக் கற்பூர புத்தி. சொன்னா உடனே புடிச்சுக்கறா" என்றவன், எழுதியதைப் பெருமையாகப் படித்தும் காட்டினான். "பழைய மெஷின்னா லினக்ஸ் லேசா ஓடும். பயப்படாதீங்க, விண்டோஸையும் அழிக்காம வச்சுக்கலாம். எப்ப வேணா கேளுங்க."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எவளோ ஒருத்திக்கு இத்தனை கனிவு! கட்டின பெண்டாட்டிக்கு ஒரு வரி பதில் இல்லை.

விருட்டென்று பக்கத்து அறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டாள். தன் கம்ப்யூட்டரைத் திறந்தாள். மின்மினி என்ற பெயருக்குக் கீழே அவனுடைய பதில் வந்திருந்தது. படிக்கப் படிக்க, தான் வைத்துக்கொண்ட பெயர் மேலேயே அவளுக்குப் பொறாமை பொங்கியது.

தட்டினாள்: "ரொம்ப நன்றி சார். லினக்ஸே இருக்கட்டும். பக்கத்து ரூமுக்கு வந்து போட்டுக் குடுங்க."

அடுத்த அறையில் நாற்காலி தடாலென்று விழுந்தது. கதவு தட்டும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் தட்டட்டும் என்று அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.