பஞ்சுவின் பல்

வங்கி மேலாளர் தன் நாயைத் தூக்கி மேசைமேல் நிறுத்தினார்.

"பஞ்சுவுக்கு என்ன சார்?" என்றார் கால்நடை டாக்டர்.

"பல்லுதான் டாக்டர். தேய்ச்சாலே ஈறுல ரத்தம். ஒரு பக்கமாத்தான் மெல்ல முடியுது."

"அப்படியே விட்டா பல் ஆட ஆரம்பிச்சிடும்."

மேலாளருக்கு முகம் வெளிறிவிட்டது. "சரியாயிடுமா?"

"இப்பவே சுத்தம் பண்ணிட்டு, தினமும் ஒழுங்கா தேய்ச்சா சரியாயிடும்."

"சுத்தம் பண்றப்ப வலிக்குமா?"

"நாய்க்கு மயக்க ஊசி போட்டுடுவோம். ஒண்ணும் தெரியாது."

மேலாளருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. டாக்டர் பஞ்சுவின் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். ஈறு இளஞ்சிவப்பாக, பல் பளிச்சென்று இருந்தது.

"உங்க மனைவி தினமும் இதுக்குத் தேய்ச்சு விடுறாங்களே சார். இது வாயில ஒரு குறையும் இல்ல."

மேலாளரின் கை தானாகத் தன் கன்னத்துக்குப் போனது.

"மனுஷங்களுக்கு மயக்க ஊசிகூட வேண்டாம் சார், பெரிசா வலிக்காது. நீங்களா பஞ்சுவைக் கூட்டிட்டுக் கிளம்பினதுமே அவங்களுக்குப் புரிஞ்சிருச்சு. எனக்கும் மாடியில இருக்கிற பல் டாக்டருக்கும் போன் பண்ணிச் சொல்லி வச்சிட்டாங்க."

மேலாளர் அவசரமாக நாயின் சங்கிலியை எடுக்கப் போனார்.

டாக்டர் முந்திக்கொண்டார். "நீங்க மாடிக்குப் போயிட்டு வர்ற வரைக்கும் பஞ்சுவைத் தரக்கூடாதுன்னு அவங்க உத்தரவு."