தியோ விட்டுச்சென்ற பெட்டி

“செத்துப்போனவனுக்கு என்னம்மா ரகசியம்?” கைத்தடியால் மேசையை ஓங்கித் தட்டினார் அன்செல்மோ. “அந்தப் பெட்டியை எடுத்துட்டு வா!”

பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தின் பொறுப்பாளர் மாரிவிக் அசரவில்லை. “முதல்ல கையெழுத்துப் போடுங்க சார். பேனாவை உள்ள வைங்க. இங்க மை ஆகாது, ஒரு சொட்டு சிந்தினாலும் பழைய காகிதம் பாழாயிடும்.”

“இதுக்கும் ஒரு சட்டமா?” என்று அவர் சீறுவதற்குள் மனைவி லிகாயா கைப்பையிலிருந்து சீவிய பென்சில் ஒன்றை எடுத்து நீட்டினாள். வெடுக்கென்று பிடுங்கிக் கிறுக்கித் தள்ளினார்.

ராணுவ ஆட்சிக் காலத்தில் அவரும் தியோவும் சேர்ந்துதான் மாணவர் பத்திரிகை நடத்தினார்கள். பதுங்கியிருந்த வீட்டை யாரோ காட்டிக்கொடுத்ததில் அன்செல்மோ மட்டும் பிடிபட்டார். ராணுவ முகாமில் அடித்த அடியில் இடது கால் போயிற்று.

அதே வாரம் முகாமிலிருந்து விடுதலையாகி வந்த லிகாயாவின் தம்பிகூட, ‘தியோவாகத்தான் இருக்கும்’ என்றான். அன்றிலிருந்து தியோவின் முகத்தில் அவர் விழித்ததில்லை. போன மாதம் அவன் சாவுக்கும் போகவில்லை.

அந்த இழவு வீட்டில் சீட்டாடிவிட்டு வந்த பழைய கூட்டாளி ஒருவர்தான் சொன்னார், நடந்ததையெல்லாம் தியோ ஒலிநாடாவில் பேசிக் காப்பகத்துக்குக் கொடுத்திருக்கிறான் என்று. மறுநாளே ஊருக்குள் ஓடும் ஜீப்னி வண்டியில் ஏறிவிட்டார். ‘வேண்டாம், விடுங்க’ என்று வழியெல்லாம் கெஞ்சிய லிகாயாவின் பேச்சு காதில் ஏறவில்லை. துரோகத்தை அந்தத் துரோகியின் வாயாலேயே கேட்டாக வேண்டும் அவருக்கு.

“நாடாவைத் தர முடியாது சார். குறிப்பிட்ட ஒருத்தர் உயிரோட இருக்கிற வரைக்கும் யாருக்கும் போட்டுக் காட்டக் கூடாதுன்னு அவர் நிபந்தனை போட்டிருக்கார்.”

“அவன்தான் செத்துட்டானே!”

“அவரைச் சொல்லலை. இது வேற ஒருத்தர்.”

அப்படியானால் தியோ இல்லையா? இத்தனை வருஷம் அவனைக் காறித் துப்பியதெல்லாம் வீணா?

“காட்டிக்கொடுத்தவன் இன்னும் உசுரோட இருக்கானா? அந்த நாய்க்காகவா தியோ வாயை மூடிக்கிட்டுச் செத்தான்? யாரு அவன்?”

“சொல்ல எனக்கு உரிமை இல்லை சார்.” மாரிவிக் மேசையைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

“சொல்லாட்டிப் போ! அவன் சாகாம நான் சாக மாட்டேன். அவன் குழியில மண்ணு விழுந்த கையோட இங்க வந்து நிப்பேன். பெட்டியை எடுத்துத் தயாரா வை!”

வெளியே போவதற்காக லிகாயாவின் தோளைப் பிடித்தார். அந்தத் தோள் நகரவில்லை.

“தயாரா வைம்மா,” என்றாள் லிகாயா, மாரிவிக்கிடம். “என்னைப் புதைச்சிட்டு நேரா இங்கதான் வருவார்.”