பெறுநர் மறுத்தார்

"சார், வெளிநாட்டு பார்சல். பதினோரு கிலோ. ஒரு கை பிடிங்க சார்."

கூரியர் கலீம் வாசலில் நின்று மூச்சு வாங்கினான். கிருத்திகைக் கூட்டத்துக்காகத் தெருமுனையிலேயே வண்டிகளை மறித்துவிட்டார்கள். அங்கிருந்து பெட்டியைத் தோளில் சுமந்து வந்திருந்தான். ஊரே காவடி சுமக்கிற நாள். அவன் பங்குக்கு அவன்.

நாகேந்திரன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"வெளிநாட்டுல நமக்கு யாருப்பா இருக்கா? உள்ள என்னா?"

கலீம் பெட்டியை இறக்கி, ஒட்டியிருந்த சீட்டைப் படித்தான்.

"கேமிங் ஆக்ஸஸரீஸ்னு போட்டிருக்குது. விளையாட்டுச் சாமான் சார். வரியெல்லாம் கட்டியாச்சு. ஒரு கையெழுத்துதான்."

நாகேந்திரனுக்குச் சுருக்கென்றது.

இருபத்தெட்டு வருடம் திருத்தணி – பள்ளிப்பட்டு பஸ்ஸை ஓட்டியவர். போன வருடம் பரிசோதனையில் இடது கண் காலை வாரிவிட்டது. அன்றிலிருந்து இந்தப் பிளாஸ்டிக் நாற்காலிதான் அவருடைய சீட். டி.வி.யில் யாராவது சாலையின் குறுக்கே ஓடினால்கூட அவருடைய வலது கால் பிரேக் மிதிப்பதுபோல் தானாகத் தரையை அழுத்தும். மனைவி கல்பனா விழுந்து விழுந்து சிரிப்பாள். மகன் ராஜீவ் சிரிக்கக்கூட மாட்டான். ஒரு பார்வை பார்த்துவிட்டு அறைக்குள் போய்க் கம்ப்யூட்டரைத் தட்ட ஆரம்பித்துவிடுவான்.

"பாத்தியா கலீமு! அப்பன் வேலை போய் குந்திகினு இருக்கான். புள்ளைக்கு வெளிநாட்டுலேர்ந்து விளையாட்டுச் சாமான் வருது. இருபத்தஞ்சு வயசு! பேக்டரி விட்டு வந்தா கதவைச் சாத்திக்கிறான். வாயைத் தொறந்தா, 'நைனா, பொதட்டூர்பேட்டைக்கு முன்னாடி எத்தினி ஸ்பீடு பிரேக்கர்?'ங்கிறான். மூணுன்னு சொல்லித் தொலைச்சேன். டிரைவர் சீட்டு போன ஆளைக் கேக்குற கேள்வியா இது?"

"வயசுப் பசங்க அப்டித்தான் சார். கையெழுத்தைப் போடுங்க, இன்னும் நாலு டெலிவரி இருக்குது."

"அவன் சாமானுக்கு நான் ஏன் போடணும்? அவன் வந்தப்புறம் அவன்கிட்டயே குடு."

"உங்க பேர்லதான் சார் வந்திருக்குது. பெறுநர், நாகேந்திரன். ஆதார் நம்பரும் உங்களுதுதான்."

நாகேந்திரன் இப்போது எழுந்துவிட்டார்.

"ஓஹோ! போன மாசம் ஆதார் கேட்டான். எதுக்குடான்னா, 'சும்மா குடு நைனா'ன்னான். இதுக்குத்தானா? அப்பன் பேர்ல திருட்டுத்தனமா சாமான் வாங்குறானா?"

"சார்..."

"இரு. என் பேர்ல வந்ததுன்னா, வேணாம்னு சொல்ற உரிமையும் எனக்குத்தான?"

கலீம் தலையைச் சொறிந்தான்.

"உங்களுக்கு மட்டும்தான் சார். ஆனா திருப்பி விட்டா மறுபடி வராது. தம்பிக்கு ஒரு போன் போட்டு..."

"பேக்டரிக்குள்ள போன் ஆகாது. நீ போடு, வேணாம்னு."

கலீமின் போனில் 'மறுப்புக்கான காரணம்' என்று ஒரு கட்டம் வந்தது. உலகத்தில் மனிதர்கள் எதையெல்லாம் மறுக்கிறார்களோ, அத்தனைக்கும் இரண்டு விரற்கடை இடம்.

"தேவையில்லாத பொருள்னு எழுது."

பஸ் டிரிப் ஷீட்டில் போடுகிற அதே சுழியோடு, விரலால் திரையில் கையெழுத்திட்டார். ஒரு வருடத்துக்கு அப்புறம் ஓடுகிற ஒன்றைத் தன் கையால் நிறுத்திய திருப்தி.

சாயங்காலம் ராஜீவ் வந்தான். ஷூவைக்கூடக் கழற்றவில்லை.

"நைனா, பெட்டி ஒண்ணு வந்துச்சா?"

அந்த முகத்தில் அவ்வளவு வெளிச்சத்தை அவர் பார்த்து ரொம்ப நாளாயிற்று. அதுவே அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"வந்துச்சு. திருப்பி அனுப்பிட்டேன்."

"திருப்பியா?"

"ஆங். என் பேரு, என் கையெழுத்து. நியாயம் பேசணும்னா பேசு."

ராஜீவ் குனிந்து ஷூவின் கயிற்றை அவிழ்த்தான். ரொம்ப நேரம் அவிழ்த்தான்.

"அந்தக் கடையில அதான் கடைசி பீஸு நைனா. ஆறு மாசமா தேடினேன்."

"தேடுவ, தேடுவ."

"சரி, வுடு. நீ சாப்ட்டியா?"

அவ்வளவுதான். பெரிய சண்டைக்குத் தயாராக இருந்த நாகேந்திரனுக்கு, ஆள் இறங்காத ஸ்டாப்பில் வண்டியை நிறுத்தியதுபோல் ஆகிவிட்டது.

மறுநாள் காலை ராஜீவ் வேலைக்குப் போன பிறகு, அவன் அறையிலிருந்து கல்பனா கத்தினாள்.

"ஏங்க! இங்க வாங்க, சீக்கிரம்! மேசையைத் தொடைச்சேன், கம்ப்யூட்டரு முழிச்சிகிச்சு. இது உங்க பஸ்ஸுங்க!"

"என்னாடி ஒளர்ற?"

உள்ளே போனார்.

திரையில் அவருடைய பஸ் நின்றுகொண்டிருந்தது. அதே நசுங்கிய முன் பம்பர். கண்ணாடியில் அவர் ஒட்டிய அதே முருகன் படம். பலகையில், 'திருத்தணி – பள்ளிப்பட்டு, வழி பொதட்டூர்பேட்டை.' எதிரே அதே சாலை. வளைவில் அதே புளியமரம். அதைத் தாண்டி மூன்று ஸ்பீடு பிரேக்கர். அவர் சொன்ன அதே மூன்று.

டிரைவர் சீட் காலியாக இருந்தது.

திரையின் அடியில் இங்கிலீஷில் ஏதோ மினுங்கியது. கல்பனா எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"டிரைவர்... நாகேந்திரன். ஸ்டீயரிங் வீல்... நாட் கனெக்டட்."

அவர் போனைத் தேடி எடுத்தார். அவசரத்தில் நம்பர் இரண்டு தடவை தப்பியது.

"கலீமு... நேத்து அந்தப் பெட்டி..."

"நேத்தே மெட்ராஸ் போயிடுச்சு சார். இந்நேரம் பிளைட் ஏறியிருக்கும். தேவையில்லாத பொருள்னு நீங்கதான சார் சொன்னீங்க?"

நாகேந்திரனின் வலது கால் தரையை ஓங்கி அழுத்தியது.

கல்பனா சிரிக்கவில்லை.