முட்டை வேகும் நேரம்

அடுப்பில் தண்ணீர் தளதளக்கிறது. காலை வெயில் சட்டியில் பட்டுக் கூரையில் வட்டமாய் ஆடுகிறது. தையற்காரி மூன்று முட்டைகளை உள்ளே விட்டு, தேவாலயத்தில் எல்லோரும் சேர்ந்து சொல்லும் விசுவாசப் பிரமாணத்தை முணுமுணுக்கிறாள். இந்த வீட்டில் முட்டைக்குக் கடிகாரம் பார்ப்பதில்லை. நிதானமாக ஐந்து தடவை சொன்னால் மஞ்சள் கரு இளகலாக நிற்கும். ஆனால் நான்கு நாளாக முட்டை கல்லாகத்தான் வேகிறது. ஒரு மாதம் உட்கார்ந்து அவள் பூ வேலை செய்த புடவையை நாத்தனார் இஸ்திரிப்பெட்டியால் பொசுக்கிவிட்டாள். அன்றிலிருந்து ஒவ்வொரு தடவையும் "பாவமன்னிப்பும்" என்ற இடம் வந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. கரண்டியால் சட்டியில் நான்கு இடி இடித்துவிட்டுத்தான் மேலே போகிறாள். இன்று வாசலில் நாத்தனாரின் பெட்டி நிற்கிறது. வெளியூரில் புது வேலை, ஒன்பது மணிக்கு பஸ். முதல் தடவையே அந்த இடத்தில் குரல் நிற்கிறது. திரும்பிப் பார்க்கிறாள். மேசையில் நாத்தனாரும் கண்மூடி, உதடசைத்து, சரியாக அதே இடத்தில் நின்றுபோய், ஒற்றைக் கண்ணை மட்டும் திறந்து இவளைப் பார்க்கிறாள். தையற்காரிக்குச் சிரிப்பு பீறிடுகிறது.

"என்னடி பார்வை? சொல்லித் தொலையேன்."

"நீங்க முதல்ல சொல்லுங்க, அண்ணி."

"பாவமன்னிப்பும்..." இருவரும் சேர்ந்தே சொல்கிறார்கள். மிச்ச நான்கு தடவையும் தங்குதடையில்லாமல் ஓடுகின்றன. நாத்தனார் ஓட்டைத் தட்டி உடைக்கிறாள். மஞ்சள் கரு தட்டெல்லாம் வழிந்து வெயிலில் மின்னுகிறது. செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த தையற்காரியின் கணவன், "அப்பாடா, ஆமென்!" என்கிறான்.