அவளுக்கு நல்லா வேணும்

"இன்னிக்கு எவனாவது ஊளை விடட்டும், அப்புறம் இருக்கு கச்சேரி!"

விளையாட்டு அரங்கின் படியேறிக்கொண்டே சொன்னாள் நர்ஸ். பின்னால் வந்த அவள் கணவன் பெருமூச்சு விட்டான்.

"ஊர் வம்பை விலைக்கு வாங்காதே. மேட்ச் பார்த்தோமா, வீட்டுக்குப் போனோமான்னு இருப்போம்."

"முடியாது. போன வருஷம் நடந்ததை நான் மறக்கலை."

போன வருஷம் இதே அரங்கில் முதலுதவிக்கு வந்திருந்தாள் அவள். வெளியூர் வாலிபால் அணியில் ஒரு பெண் கால் பிசகி விழுந்தாள். துடித்துக்கொண்டிருந்தவளைப் பார்த்து உள்ளூர்க் கூட்டம் மொத்தமும் ஊளையிட்டது. கட்டுப் போடும்போது அந்தப் பெண் கேட்டாள், "நாங்க உங்களுக்கு என்னக்கா கெடுதல் பண்ணோம்?"

தன் காது கேட்க இனி இந்த ஊரில் ஒருத்தரும் ஊளையிடக் கூடாது என்று நர்ஸ் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள்.

ஆட்டம் தொடங்கியது. வெளிச்சமெல்லாம் களத்தில், இருக்கைகள் பக்கம் இருட்டு. வெளியூர் அணியின் ஐந்தாம் நம்பர் சர்வீஸ் போட வந்தாள். ஒல்லியான, நெடுநெடுவென்ற பெண்.

"ஊ... ஊ... ஊ...!"

முன்வரிசையிலிருந்து கிளம்பியது சத்தம். ஆள் ஆறடி இருப்பார், தொண்டை தகரம். இதற்குமுன் அவரை நர்ஸ் இங்கே பார்த்ததில்லை.

"கையா அது, துடைப்பக்குச்சியா? பந்து வலையைத் தாண்டுமா?" என்று கத்தினார் அவர். கூட்டம் கொல்லென்று சிரித்து, கூடவே ஊளையிட்டது.

பந்து சீறிக்கொண்டு போய் மூலையில் விழுந்தது. புள்ளி! சத்தம் ஏற ஏற அந்தப் பெண்ணும் விடாமல் அடித்தாள். முதல் செட் வெளியூருக்கு.

"பாவம், பல்லைக் கடிச்சுக்கிட்டு ஆடுது" என்ற நர்ஸ், கணவன் பிடித்த கையை உதறிவிட்டு முன்வரிசைக்கு இறங்கினாள். அவனும் வேறு வழியில்லாமல் பின்னால் ஓடினான்.

"சார், கொஞ்சம் வாயை மூடறீங்களா?"

"காசு குடுத்து டிக்கெட் வாங்கியிருக்கேன்மா."

"அது ஆட்டம் பார்க்க. ஊரார் வீட்டுப் பொண்ணைத் திட்டறதுக்கு இல்ல."

கணவன் சமாதானத்துக்கு வந்தான். "வேணும்னா அம்பயரை ரெண்டு திட்டு திட்டிக்குங்க சார். அதுக்கு இவ ஒண்ணும்..."

"அதுக்கும் விடமாட்டேன்!" என்றாள் நர்ஸ்.

"அம்பயர் பாவம், அவர் வேலையை அவர் பார்க்கிறார்" என்றார் ஆறடிக்காரர். அவர் கண் களத்தைவிட்டு நகரவில்லை. "எனக்கு இந்த அஞ்சாம் நம்பர்தான். அவளுக்கு இது வேணும்மா. நல்லா வேணும்."

நர்ஸுக்கு உச்சி கொதித்தது. பக்கத்து இருக்கையில் சட்டமாக உட்கார்ந்துவிட்டாள். அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் அவளும் திறந்தாள். "வெட்கமா இல்ல?" என்றாள். "காவலுக்கு நிக்கிறவரைக் கூப்பிடுவேன்" என்றாள். அவர் அசைந்துகொடுக்கவில்லை.

கடைசியில் கேட்டாள், "உங்களுக்குப் பொண்ணு இருக்கா?"

"இருக்கு."

"அவ தெரியாத ஊர்ல தனியா நிக்கறப்போ நூறு பேர் சேர்ந்து இப்படிக் கத்தினா, உங்களுக்கு வயிறு எரியாது?"

அந்த நேரம் பார்த்துப் பின்வரிசையில் ஒருவன் ஐந்தாம் நம்பரைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தையை வீசினான். நாலு பேர் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஆறடிக்காரரின் ஊளை பாதியில் நின்றது. எழுந்தார். கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து இரண்டு கைகளையும் உயர்த்தினார், போதும் என்பதுபோல. அவரைப் பார்த்துக் கத்தியவர்கள் அவரைப் பார்த்தே ஒவ்வொருவராக அடங்கினார்கள். அவர் உட்கார்ந்து உதட்டை இறுக்கிக்கொண்டார்.

அரங்கம் அமைதியாகிவிட்டது.

களத்தில் ஐந்தாம் நம்பர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கி இருட்டுக்குள் எதையோ தேடினாள். 'யாரோ ஒரு புண்ணியவதி நமக்காகப் பேசியிருக்கான்னு புரிஞ்சிருக்கும்' என்று நர்ஸ் நினைத்துக்கொண்டாள்.

சர்வீஸ் வலையில் மாட்டியது. அடுத்த முறை போட்டது கோட்டுக்கு வெளியே போனது. அதற்குப் பிறகு அந்தப் பெண்ணின் கை ஓடவே இல்லை. அடுத்தடுத்து இரண்டு செட்டும் உள்ளூருக்கு, ஆட்டம் முடிந்தது.

நர்ஸ் எழுந்து நின்று இரண்டு அணிக்கும் சேர்த்துக் கை தட்டினாள்.

"அடக்கிட்டியே!" என்றான் கணவன், வாய் பிளந்து.

"மனசுன்னு ஒண்ணு எல்லாருக்கும் இருக்கு. தட்டித் தட்டிக் கேட்கணும், அவ்வளவுதான்."

கீழே வீராங்கனைகள் கைகுலுக்கிக்கொண்டிருந்தார்கள். ஐந்தாம் நம்பர் மட்டும் தடுப்பைத் தாண்டிக் குதித்து, படிகளில் மூச்சிரைக்க ஓடிவந்தாள். தனக்கு நன்றி சொல்லத்தான் வருகிறாள் என்று நர்ஸ் கையை நீட்டினாள்.

அந்தப் பெண் அவளைக் கண்டுகொள்ளவே இல்லை. நேராகப் போய் ஆறடிக்காரரின் நெஞ்சில் கையை வைத்து அழுத்தினாள்.

"என்னாச்சுப்பா, மறுபடியும் நெஞ்சுவலியா? சின்னதுலேர்ந்து நீங்க ஊளை விட்டாத்தானே எனக்கு ரோஷம் வரும்! திடீர்னு உங்க சத்தம் நின்னதும் பயத்துல எனக்குப் பந்தே கண்ணுக்குத் தெரியலைப்பா!"

அவர் நர்ஸை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, மகளின் வியர்வையைத் துடைத்தபடி சொன்னார், "ஒண்ணுமில்லடா கண்ணு, தொண்டை கட்டிக்கிச்சு."